சத்து மாத்திரையும் சங்கடப்படும் வயிறும்

சென்னை, திருச்சியிலிருந்து சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகளில் ஊறுகாய், அப்பளத்துடன் பி காம்ப்ளெக்ஸ் அட்டைகளும் இரும்புச்சத்து மாத்திரைகளும் இருப்பது புதிதல்ல. லிட்டில் இந்தியாவில் முஸ்தஃபாவின் அடுக்குகளிலும் இணையத்திலும் வைட்டமின்கள் குவிந்து கிடக்கின்றன. வாங்குவது எளிது. வயிறு கெடும்போது காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

சிக்கலின் ஒரு பாதி சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் இவை ‘சத்து மாத்திரை’. சத்து என்றால் அது சாப்பாட்டுக் கணக்கு, மருந்துக் கணக்கு அல்ல. அதனால், “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று பலதுறை மருந்தகத்தில் கேட்கும்போது “ஒன்றுமில்லை” என்று பதில் வந்துவிடுகிறது. மறைக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.

வயிற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. பெரியவர்களுக்கு வைட்டமின் சி ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட உச்சவரம்பு. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாத்திரை பலவற்றில் ஒன்றிலேயே 1,000 மில்லிகிராம் உண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, கூடவே ஒரு மல்டிவைட்டமின் என்றால் வரம்பு தாண்டிவிடும். உடல் உறிஞ்சாத மிச்சம் குடலுக்குள் நீரை இழுக்க, வயிற்றுப்போக்கு வருகிறது. மக்னீசியமும் அப்படித்தான்; அதன் சில வகைகள் பேதி மருந்தாகவே விற்கப்படுகின்றன. வைட்டமின் டி நீண்ட நாள் அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் கூடி, வாந்தியும் மலச்சிக்கலும் உண்டாகும்.

அதிகம் படுத்துவது இரும்புச்சத்துதான். குமட்டல், மலச்சிக்கல் என்று பெண்கள் பலர் பாதியில் நிறுத்திவிட, ரத்தசோகை அப்படியே இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்த பெண்கள் தினமும் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உடல் அதைக் கூடுதலாக உறிஞ்சுவதாக 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. மாத்திரையை விழுங்கிய கையோடு தே தாரே குடிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும்.

இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால், வயிற்றில் ரத்தக்கசிவு இருந்தாலும் மலம் கறுக்கும். ஆஸ்பிரினோ மூட்டுவலி மாத்திரையோ சாப்பிடும் முதியவர் ‘சத்து மாத்திரைதானே’ என்று விட்டுவிட்டால் ஆபத்து. தார்போல் ஒட்டும் மலமோ தலைசுற்றலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றையும் தூக்கி எறிவதும் தீர்வல்ல. 1942இல் சாங்கி போர்க்கைதிகள் முகாமில் தீட்டிய அரிசியை நம்பியிருந்தவர்களிடையே வைட்டமின் பி1 குறைந்து பெரிபெரி நோய் பரவியது. இன்று நம்மிடையே உள்ள குறை பி12. சைவ உணவில் அது அரிது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிட்டாலும் அது குறையும். அதே மெட்ஃபார்மின் வயிற்றுப்போக்கையும் தரக்கூடியது. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவு சீனர்களைவிட அதிகம் என்பதால், பழி வைட்டமின்மீதா மருந்தின்மீதா என்ற குழப்பம் நம் வீடுகளில்தான் கூடுதலாக வரும்.

விற்பனைக்கு வரும் எல்லாவற்றையும் அரசாங்கம் சோதித்துவிட்டது என்றே பலரும் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் சத்துணவு மாத்திரைகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. மருந்துப் பொருள் கலக்கக்கூடாது, நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதிகள் உண்டு. மீறினால் ஆணையம் நடவடிக்கை எடுக்கும். இணையத்தில் வாங்கிய எடைக்குறைப்புப் பொருள்களில், 2010இல் மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ரமின் மருந்து கலந்திருப்பதாக அது பலமுறை எச்சரித்துள்ளது. ஆனால், எச்சரிக்கை பெரும்பாலும் யாரோ பாதிக்கப்பட்ட பிறகே வருகிறது.

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் 40 வயதைக் கடந்தவர்கள் ஒரே குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். அந்தச் சந்திப்புக்குப் போகும்போது ஊரிலிருந்து வந்த அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளலாம். கைப்பேசியில் எடுத்த படமும் போதும், பெயரும் அளவும் தெரிந்தால் சரி.