பழைய மாருதிக்கு இன்னொரு எஞ்சின் வேலையா?

எங்க வீட்டு மாருதி 800, 2004 மாடல். போன மாசம் லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது சூடாகி நின்னுடுச்சு. சின்னமனூர் வரை கட்டி இழுத்து வந்தோம். ஆயில், பால் டீ நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, பேரிங்கும் காலி. மெக்கானிக் அண்ணன் முழு வேலைக்கு 40,000 ரூபாய் சொன்னார். "வண்டியே அவ்வளவு போகாது, எடைக்குப் போடுங்க" என்றார் சித்தப்பா.

இங்கேதான் கணக்கு தப்பாகிறது. சந்தை விலை, விற்பவருக்குத்தான் முக்கியம். எங்களுக்கு மாசம் ஒருமுறை அப்பத்தாவை க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வண்டி வேணும். அதே 40,000-க்கு வாங்குற இன்னொரு பழைய வண்டிக்குள்ள என்ன கோளாறு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அதுக்காக பாசத்தில் பணத்தைக் கொட்டவும் கூடாது. மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, அடித்தகரம். எஞ்சினைச் சரி பண்ணலாம், துருவில் உளுத்த பாடியைக் காப்பாத்த முடியாது. ரெண்டு, ஆர்.சி. 15 வருஷம் தாண்டினா 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இன்னும் எவ்வளவு மிச்சம்? மூணு, எஞ்சின் ஏன் போச்சு? ரேடியேட்டர் அடைப்பை அப்படியே விட்டா அடுத்த மலையில் அதே கதைதான்.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம், தகரம் உறுதி. ஆர்.சி. 2029 வரை இருக்கு. ரேடியேட்டரையும் சேர்த்து மாத்தச் சொல்லிட்டோம்.

ஒரு உண்மை பாக்கி. வெப்ப முள் சிவப்பைத் தொட்டதைப் பார்த்தும், "இன்னும் நாலு வளைவுதானே" என்று ஓட்டியது, மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிற நான்தான்.