கல்நாருக்கு நற்சான்றா?



கனடாவின் கியூபெக் மாநிலச் சுரங்கங்களிலே வெட்டி எடுக்கப்பட்டது கிரைசோடைல் எனும் வெள்ளைக் கல்நார். அங்கு உழைத்து மாண்டோரின் நுரையீரலை ஆராய்ந்தபோதோ, தாதுவிலே சொற்பமாகக் கலந்திருந்த டிரெமொலைட் இழைகளே மிகுந்திருக்கக் கண்டனர்!

விடுவார்களா கல்நார் வணிகர்கள்? கொன்றது டிரெமொலைட்டாம், வெள்ளைக் கல்நார் குற்றமற்றதாம்!

வீட்டைக் கொளுத்திவிட்டு ஓடியவன், சாம்பலிலே அகப்படாததால் நிரபராதி ஆவானா? கிரைசோடைல் இழை நுரையீரலிலே உடைந்து, கரைந்து, விரைவில் அகலும் இயல்பினது. டிரெமொலைட்டோ பல்லாண்டு தங்குவது. பிணப் பரிசோதனை காட்டுவது எஞ்சியதை. உழைப்பாளி உள்ளிழுத்ததை அன்று. இருந்த காலத்திலே அது இழைத்த கேட்டை எந்தக் கணக்கிலே எழுதுவது? கல்நார் வகை அனைத்துமே புற்றுநோய் விளைப்பவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லும் உரைத்திருக்கிறது.

அன்றியும், வகை பிரித்தா மூச்சுவிட்டான் சுரங்கத் தொழிலாளி? 1949-ல் அச்சுரங்கங்களிலே ஏறத்தாழ 5,000 பேர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். தூசை ஒழியுங்கள் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. எந்த இழையின் தூசு என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையுமில்லை. கனடாவின் கடைசிக் கல்நார்ச் சுரங்கங்கள் ஓய்ந்தது 2011-ல். தடை பிறந்தது 2018-ல். இடையிலே கழிந்தவை 69 ஆண்டுகள்!