எல்லாம் ஈவன் ஆயிடுமா?

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. எவர்ட்டன் மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2-0 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் ஃபாரஸ்ட் ஆட்கள் மூன்று முறை பெனால்டி கேட்டார்கள். மூன்று முறையும் எதிரே இருந்தவர் ஒரே தடுப்பாட்டக்காரர், ஆஷ்லி யங். மூன்றும் மறுக்கப்பட்டன. நான் அப்போது அலுவலக வேலையாக நாட்டிங்ஹாமில் இருந்தேன். ட்ரென்ட் நதிக்கரையில் நடைபோகிற பழக்கத்தில் அந்த அணி என் அணியாகிவிட்டிருந்தது. கூட உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன் கல்லூரி நண்பன், பதினைந்து வருட லிவர்பூல் பக்தன். நான் ரிமோட்டைத் தூக்கிப் போட்டதும் அவன் சொன்னான்: "விடுடா. சீசன் முடியறதுக்குள்ள எல்லாம் ஈவன் ஆயிடும்."

சீசன் முடிய மிச்சமிருந்தவை நான்கே ஆட்டங்கள். ஃபாரஸ்ட் 26 புள்ளி, கீழே லூட்டன் 25. நான்கு ஆட்டத்தில் எது ஈவன் ஆகும் என்று கேட்டேன். "லாங் ரன்ல பாருடா" என்றான். லாங் ரன் என்பது லிவர்பூலுக்கு உண்டு. பதினேழாவது இடத்தில் இருப்பவனுக்கு ஏது?

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சதிக் கதை எதையும் நான் நம்பவில்லை. வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர் லூட்டன் ரசிகர், ஆட்டத்துக்கு முன்பே எச்சரித்தோம் என்று ஃபாரஸ்ட் நிர்வாகம் அன்று மாலையே பொதுவெளியில் எழுதியது. சின்னப்பிள்ளைத்தனம். கால்பந்துச் சங்கம் பின்னர் அதற்கு 7,50,000 பவுண்டு அபராதம் போட்டது, சரியாகத்தான் போட்டது. நிதி விதிகளை மீறியதற்காக நான்கு புள்ளிகளைப் பறிகொடுத்த அணிதானே, அடுத்தவன் நேர்மையைப் பற்றிப் பேசும் நிலையிலும் அது இல்லை. கடைசியில் ஃபாரஸ்ட் 32 புள்ளிகளோடு பிழைத்தது, லூட்டன் 26-இல் நின்று கீழே போனது. ஆகவே தோற்றவனின் ஒப்பாரியாக இதைப் படிக்க வேண்டாம். என் கோபம் சதிக்காரர்கள் மேல் இல்லை. 'ஈவன் ஆயிடும்' என்று பெரியமனுஷத் தோரணையில் சொல்பவர்கள் மேல்தான்.

அவர்கள் பேசுவது கணக்கு மாதிரி ஒலிப்பதால் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தவறான தீர்ப்பு ஒவ்வொன்றையும் ஒரு நாணயச் சுண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்தால் உங்களுக்குச் சாதகம், தலை விழுந்தால் பாதகம். நான்கு முறை சுண்டினால் சரியாக இரண்டுக்கு இரண்டு வருவது 16 வாய்ப்புகளில் 6-இல் மட்டும்தான். மிச்சம் 10-இல் யாரோ ஒருவருக்கு நஷ்டம். சுண்டல்களைக் கூட்டினால் சரியாகிவிடாதா என்றால், விகிதம் பாதியை நெருங்கும், உண்மை. ஆனால் பூவுக்கும் தலைக்கும் இடையிலான எண்ணிக்கை வித்தியாசம் சராசரியாகக் கூடிக்கொண்டுதான் போகும். புள்ளிப் பட்டியல் விகிதத்தைப் பார்ப்பதில்லை, வித்தியாசத்தைப் பார்க்கிறது. முதல் வருட பொறியியல் மாணவனுக்குக்கூடத் தெரிகிற விஷயம். என் நண்பன் அந்தப் பேப்பரில் என்னைவிட அதிக மார்க் வாங்கியவன்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு, அதை எண்களால் சொல்வதைவிட ஒரு ஆட்டத்தால் சொல்லலாம். 2020 ஜூன் 17. கொரோனா இடைவேளைக்குப் பின் பிரீமியர் லீக் திரும்பிய முதல் நாள், முதல் ஆட்டம். ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் பந்தைப் பிடித்தபடியே கோட்டுக்கு உள்ளே போய்விட்டார். டிவி பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. ஹாக்-ஐக்கு மட்டும் தெரியவில்லை. அந்தக் கோலைக் கவனித்த ஏழு கேமராக்களையும் ஆட்களும் கம்பமும் மறைத்துவிட்டனவாம். நடுவரின் கடிகாரம் அதிரவில்லை, வி.ஏ.ஆர். அறையிலிருந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. ஷெஃபீல்ட் யுனைடெட்டின் கோல் காற்றில் போனது, ஆட்டம் 0-0. வில்லாவுக்கு ஒரு புள்ளி.

சீசன் முடிவில் வில்லா 35 புள்ளிகளோடு தப்பியது. 34 புள்ளிகளோடு கீழே போனது போர்ன்மத். அந்த ஆட்டத்தை வில்லா 1-0 என்று தோற்றிருந்தால் இரண்டும் 34-இல் நின்றிருக்கும், கோல் வித்தியாசத்தில் போர்ன்மத் தப்பியிருக்கும். மற்ற எல்லாம் அப்படியே நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாதுதான். ஆனால் இதைக் கவனியுங்கள்: அநியாயம் நடந்த மைதானத்தில் போர்ன்மத் இல்லவே இல்லை. அவர்களுக்கு எந்த ஆட்டத்தில், எந்த நடுவர், எதை ஈடுசெய்வார்? பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கிற அணிக்கே ஒரு சீசனில் 10 கோடி பவுண்டுக்குமேல் கிடைக்கிறது. கீழே போனால் அதில் பெரும்பகுதி போய்விடும். வீரர்கள் வேறு அணிக்குப் பறந்துவிடுவார்கள். டிக்கெட் கவுன்ட்டரிலும் கேன்டீனிலும் இருப்பவர்கள் எங்கே பறப்பது?

சரி, பெனால்டிக்கு வருகிறேன். தீர்ப்புகளின் எண்ணிக்கை அதிசயமாகச் சமமானாலும் அவற்றின் எடை சமமாகாது. பெனால்டிகளில் நான்கில் மூன்றுக்குச் சற்று மேல் கோலாகின்றன. ஆக ஒரு பெனால்டியின் மதிப்பு முக்கால் கோல். 2020-21-இல் மான்செஸ்டர் சிட்டி 38 ஆட்டங்களில் 83 கோல் அடித்தது. அவர்களுக்கு முக்கால் கோல் என்பது ஒரு ஆட்டத்து விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு. அதே சீசனில் கடைசி இடம் பிடித்த ஷெஃபீல்ட் யுனைடெட் அடித்தது மொத்தமே 20 கோல். அவர்களுக்கு முக்கால் கோல் என்பது கிட்டத்தட்ட ஒன்றரை ஆட்டத்து உழைப்பு. சம்பளம் எவ்வளவானாலும் எல்லோருக்கும் ஒரே தொகை அபராதம் என்கிற மாதிரி. இன்னொன்றும் இருக்கிறது. கஷ்டத்தில் இருக்கிற அணி பெரும்பாலான நேரம் தன் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயேதான் கும்பலாக நின்று தடுத்துக்கொண்டிருக்கும். தற்செயலாகப் பந்து கையில் படுவதற்கு அதைவிடத் தோதான இடம் வேறில்லை.

இந்த விதியைக் கண்டுபிடித்ததே ஒரு நொண்டி அணியின் கோல்கீப்பர் என்பது பலருக்கும் தெரியாது. வில்லியம் மெக்ரம், அயர்லாந்தின் அர்மா பகுதியைச் சேர்ந்த மில்ஃபோர்டு ஊர்க்காரர். அவருடைய அணி 1890-91 ஐரிஷ் லீக்கில் 14 ஆட்டம் ஆடி 14-லும் தோற்றது. வாங்கிய கோல் 62, அடித்தது 10. கோல் விழப்போகிறது என்று தெரிந்ததும் எதிராளியைத் தள்ளிவிடுவதும் பந்தைக் கையால் தடுப்பதும் அன்று சர்வசாதாரணம். மெக்ரம் 1890-இல் யோசனையை முன்வைத்தபோது கனவான்களின் விளையாட்டில் திருட்டுத்தனமா என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். மறு வருடம் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில், ஃபாரஸ்டின் பக்கத்துவீட்டுப் பங்காளியான நாட்ஸ் கவுன்ட்டி, ஸ்டோக்கின் கோலைக் கோட்டின் மேலேயே கையால் தடுத்தது. ஸ்டோக்குக்குக் கிடைத்தது வெறும் ஃப்ரீ கிக். மொத்த அணியும் கோட்டில் சுவராக நின்று அடைத்துக்கொண்டது. நாட்ஸ் கவுன்ட்டி 1-0 என்று வென்றது. அந்த அழுகுணி ஆட்டத்துக்குப் பிறகு எதிர்ப்பு கரைந்து, 1891 ஜூன் 2 அன்று பெனால்டி சட்டமானது.

சட்டத்தில் அன்று இருந்த வார்த்தை 'வேண்டுமென்றே'. வேண்டுமென்றே கையால் தொட்டால்தான் பெனால்டி. கோலைத் திருடியவனுக்குத் தண்டனையாக ஒரு கோல் வாய்ப்பு. குற்றமும் தண்டனையும் ஒரே அளவில் இருந்தன.

இன்றைக்கு என்ன ஆகிவிட்டது? 2020 செப்டம்பரில் டாட்டன்ஹாமின் எரிக் டையர் முதுகைக் காட்டிக்கொண்டு எகிறுகிறார். பின்னாலிருந்து நியூகாசிலின் ஆண்டி கேரல் தலையால் முட்டிய பந்து, இவர் பார்க்கவே முடியாத திசையிலிருந்து வந்து, தூக்கிய கையில் படுகிறது. 97-ஆவது நிமிடத்தில் பெனால்டி, கோல், 1-1. ஆதாயமடைந்த நியூகாசிலின் மேலாளர் ஸ்டீவ் புரூஸே இந்த விதி முட்டாள்தனம் என்றார். எங்கள் ஹாஸ்டல் கிரவுண்டில் இதற்கு ஒரே ஒரு கேள்விதான்: "பந்து கைக்கு வந்துச்சா, கை பந்துக்குப் போச்சா?" அதற்கே அரை மணி நேரம் சண்டை நடக்கும் என்பது வேறு. ஆனால் கேள்வி சரியான கேள்வி. விதி எழுதுபவர்கள் அதைவிட்டுவிட்டு, உடல் 'இயல்புக்கு மாறாகப் பெரிதாகியதா' என்று 2019-இல் கேட்கத் தொடங்கினார்கள். கை எங்கே ஆரம்பிக்கிறது என்று அக்குளின் அடிப்பகுதிவரை கோடு வேறு போட்டார்கள். 2021-இல் வாசகத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். குழப்பம் தளரவில்லை.

இதற்கெல்லாம் வி.ஏ.ஆர். பதில் சொல்லும் என்று முதலில் குதித்தவர்களில் நானும் ஒருவன், என் தொழில் அப்படி. தொழிலே எனக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ரெக்வயர்மென்ட் குழப்பமாக இருக்கும்போது டெஸ்டர்களை இரட்டிப்பாக்கினால் குழப்பம் இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான். வி.ஏ.ஆர். வந்த இரண்டாவது சீசனான 2020-21-இல் 380 ஆட்டங்களில் 125 பெனால்டிகள், லீக் அதுவரை காணாத எண்ணிக்கை. ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லாக் கையும் திருட்டுக் கையாகத்தான் தெரியும்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கோலுக்குப் போகிற பந்தைக் கை தடுத்தாலோ, வேண்டுமென்றே கை போனாலோ பெனால்டி இருக்கட்டும். மற்ற ஹேண்ட்பாலுக்கெல்லாம் பெனால்டி ஏரியாவுக்குள்ளேயே இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதாவது இன்னொருவர் தொட்ட பிறகே கோலாகக்கூடிய அடி. இது சட்டப் புத்தகத்துக்குப் புதிதும் இல்லை. தன் அணி வீரன் காலால் தட்டிக்கொடுத்த பந்தைக் கோல்கீப்பர் தெரிந்தே கையில் எடுத்தால் இன்றைக்கும் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான். தெரிந்து செய்தவனுக்கு அது. முதுகில் கண் இல்லாதவனுக்கு பெனால்டி. இது எந்த ஊர் நியாயம்?

தண்டனையைக் குற்றத்துக்கேற்ப அறுத்துத் தைக்க முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. கோல்கீப்பர் பந்தை அதிக நேரம் வைத்திருந்தால் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் என்றிருந்தது. தண்டனை அதிகம் என்பதால் நடுவர்கள் அதைத் தொடவே இல்லை. 2025-இல் எட்டு நொடி தாண்டினால் கார்னர் என்று குறைத்தார்கள். 2024-இல் இன்னொரு மாற்றம்: வேண்டுமென்றே செய்யாத ஹேண்ட்பாலால் ஒரு கோல் தடுக்கப்பட்டு பெனால்டி கொடுக்கப்பட்டால், சிவப்பு அட்டைக்குப் பதில் மஞ்சள் போதும் என்றார்கள். ஆக வேண்டுமென்றே, வேண்டாமலே என்ற வித்தியாசம் அவர்களுக்கும் தெரிகிறது. அட்டையின் நிறத்தில் தெரிகிற வித்தியாசம் அந்தப் பன்னிரண்டு கெஜப் புள்ளியில் மட்டும் ஏன் மறைந்துவிடுகிறது?

'கோலுக்குப் போகிற பந்து' எது என்பதிலும் சண்டை வரும். வரட்டும். தவறு நடந்தாலும் கைமாறுவது முக்கால் கோலாக இருக்காது, அதில் ஒரு சிறு பங்காக இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ள ஷெஃபீல்டால்கூட முடியும்.

போன மாதம் இதையெல்லாம் நண்பனிடம் போனில் சொன்னேன். முழுசாகக் கேட்டான். கடைசியில், "அப்போ எங்களுக்கு வர்ற பெனால்டியும் கொறையும்ல?" என்றான்.

"கொறையும்டா. லாங் ரன்ல பாரு" என்றேன். சிரிக்கவில்லை.