சுண்ணாம்புக் கல்லைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று சாயங்காலம் என் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, பந்தல்குடிப் பக்கம் ரெண்டு ஏக்கர் வருது. அடியில பூரா சுண்ணாம்புக் கல்லு. ராஜஸ்தான்ல அந்தக் கல்லுலதான் ஈயமும் துத்தநாகமும் எடுக்கிறாங்களாம், புரோக்கர் படம் காட்டினாரு. அட்வான்ஸுக்கு ஒரு லட்சம் குறையுது" என்றான். தர மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். அதே படம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ராஜஸ்தான் செய்தி பொய்யில்லை. உதயப்பூர் பக்கத்தில் ஜாவர் என்ற இடத்தில், சுண்ணாம்புக் கல்லின் உறவான டோலமைட் பாறையில் ஈயமும் துத்தநாகமும் இருக்கின்றன. இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் 1738-இல் துத்தநாகம் வடிக்கக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பல நூறு வருடம் முன்பே ஜாவரில் மண் குடுவைகளில் வடித்துவிட்டார்கள். நமக்குப் பெருமைதான். ஆனால் அதை வைத்து, சுண்ணாம்புக் கல் இருந்தால் உலோகம் இருக்கும் என்பது, அடுப்பு இருக்கிற வீட்டில் எல்லாம் சோறு இருக்கும் என்பது போன்ற பேச்சு.

உயர்நிலைப் பள்ளியில் இரவல் வாங்கி வந்து நான் செய்து காட்டிய சோதனை நினைவிருக்கிறதா? ஒரு குழாயில் ஈய நைட்ரேட் கரைசல், இன்னொன்றில் பொட்டாசியம் அயோடைடு. இரண்டும் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். ஒன்றாக ஊற்றியதும் மஞ்சளாக வீழ்படிவு இறங்கும். நீங்கள் கை தட்டினீர்கள்.

பூமிக்கு அடியிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் கல்லிலும் டோலமைட்டிலும் ஈயமும் துத்தநாகமும் ஏராளம். அந்த வகைத் தாதுவுக்கே அந்த ஆற்றின் பெயர்தான். கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பான தண்ணீர், சுமார் 100 டிகிரி சூட்டில், ஆழத்துப் பாறைகளின் ஊடே மெல்ல நகர்கிறது. போகிற வழியில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொள்கிறது. உப்பு மிகுதியாக இருப்பதால்தான் உலோகம் கரைந்தே நிற்கிறது. சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில் வேறொரு நீர் காத்திருக்கிறது. அதில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. இரண்டும் கலக்கும்போது உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து படிகிறது. அப்போது பிறக்கும் அமிலம் சுண்ணாம்புக் கல்லை அரித்து, மேலும் படிய இடம் உண்டாக்குகிறது.

ஆக, சுண்ணாம்புக் கல் தருவது இடம் மட்டும்தான். உலோகம் ஒரு பக்கமிருந்து வர வேண்டும், கந்தகம் பெரும்பாலும் இன்னொரு பக்கமிருந்து வர வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் வெறும் கல்தான்.

நம் பந்தல்குடிக் கல் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய படிகக் கல். அது வெட்டியெடுக்கப்படுவது சிமெண்ட்டுக்காக. அதில் ஈயம் இருக்கிறது என்று சொல்கிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். துளையிட்டு எடுத்த மாதிரி எங்கே? எந்த ஆய்வகம் சோதித்தது? இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அறிக்கை எங்கே? இந்த மூன்றையும் கேளுங்கள். அப்படியே தாது இருந்தாலும், பட்டா கையில் இருப்பதால் மட்டும் தோண்டிவிட முடியாது. சுரங்கக் குத்தகை வேண்டும். 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது ஏலத்தில்தான் போகிறது. இரண்டு ஏக்கர்காரருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று புரோக்கரிடமே கேளுங்கள்.

என் மீதும் குற்றம் உண்டு. எந்தத் தாது எந்த மாநிலத்தில் கிடைக்கிறது என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். அது அங்கே எப்படி வந்தது என்று சொல்லித் தரவில்லை. மதிப்பெண் 'எங்கே'வுக்குத்தான் கிடைத்தது. 'எப்படி' தெரியாதவரிடம்தான் இரிடியம் கலசம் விற்கிறவனும் வருகிறான், இந்தப் படத்தைக் காட்டுகிறவனும் வருகிறான். இன்றைக்கும் நம் பிள்ளைகள் அப்படித்தானே படிக்கிறார்கள்? உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். நான் செய்த தவறை நீங்களும் செய்யாதீர்கள்.

மருமகனே, இதை நீயும் படிப்பாய் என்று தெரியும். விவசாயத்துக்கு நிலம் வேண்டுமென்றால் சொல், நானே வந்து கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சொல்கிறேன். ஈயத்துக்காக என்றால் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருச்சுழி