ஹல்லா நாட்டுப் பஞ்சம்

ஷுண்டி, ஹல்லா இரண்டும் அண்ணன் தம்பி ஆளும் நாடுகள். உபேந்திரகிஷோர் ராய்சௌத்ரி 1915-இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் எழுதிய, இந்த நாடுகள் வரும் கதையை அவருடைய பேரன் சத்யஜித் ராய் 1969-இல் ‘கூப்பி கைன் பாகா பைன்’ என்று படமாக்கினார். கற்பனை நாடுகளுக்கு நிலம் தேடி அவர் போனது ராஜஸ்தானுக்கு. ஷுண்டிக்குப் பூந்தி, ஹல்லாவுக்கு ஜெய்சல்மேர்.

கதை தொடங்குவதென்னவோ மூங்கில் காடும் வயலும் சூழ்ந்த வங்கக் கிராமங்களில்தான். ஆம்லகியிலிருந்து பாடகன் கூப்பியும் ஹரீதகியிலிருந்து மேளக்காரன் பாகாவும் துரத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பூத ராஜா கொடுத்த ஜோடுகளை மாட்டிக்கொண்டு ஊர்ப்பெயரைச் சொல்லிக் கைதட்டினால் அங்கே போய்விடலாம். பெயர் குழறினால் ஆபத்து. ஜுண்டி என்றதும் பனிமலை. ஹுண்டி என்றதும் மணல்வெளி. மூன்றாம் முறைதான் ஷுண்டி.

ஷுண்டியில் மக்கள் நோயால் பேச்சிழந்தவர்கள். ஆனால் வயலில் பயிர், மரத்தில் பழம், படை மட்டும் கிடையாது. இதை ஹல்லாவின் மந்திரியிடம் வந்து சொல்பவன் எலும்பும் தோலுமான ஓர் ஒற்றன். மந்திரிக்கோ சாப்பாட்டில்தான் கவனம். ஹல்லாவில் கோட்டை உண்டு, ஒட்டகப்படை உண்டு, சிறை உண்டு. விளைநிலம் கண்ணில் படுவதில்லை. நல்லவரான அரசரை மருந்து கொடுத்துக் கொடியவராக்கி வைத்திருக்கிறார்கள். போருக்குக் கிளம்பும் படை பட்டினியில் தள்ளாடுகிறது. கூப்பியும் பாகாவும் பாடி வரவழைக்கும் இனிப்புப் பானைகள் வானத்திலிருந்து இறங்கியதும் வீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு அவற்றை நோக்கி ஓடுகிறார்கள். போர் அதோடு முடிந்தது.

இந்தப் பட்டினிக்கு மணலைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஜெய்சல்மேரே சாட்சி. ராவல் ஜைசல் 1156-இல் எழுப்பிய மஞ்சள் மணற்கல் கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. வெயில் இறங்காதபடி நெருங்கிய சந்துகள், காற்றுக்குக் கல்லில் குடைந்த சாளரங்கள். ஆண்டு மழை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். ஊருக்குக் குடிநீர் தந்தது கடிசர் ஏரி. சுற்றுக் கிராமங்களில் பாலிவால் அந்தணர்கள் ‘கதீன்’ அமைத்தார்கள்: பாறைச் சரிவில் ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் மண்கரை போட்டு மறிப்பார்கள், நீர் மண்ணில் இறங்கி வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பனிக்காலம் முடிந்ததும் அறுவடை. ராயின் கேமரா கோட்டையையும் மணலையும் எடுத்துக்கொண்டது, கதீனை விட்டுவிட்டது. ஹல்லாவுக்கு அது பொருத்தம்தான். வயலைப் பற்றி நினைக்க அந்த அரசுக்கு ஏது நேரம்?

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்று படித்த தமிழ் வாசகருக்கு, ஆட்சி திரிந்து ஒரு நாடு பாலையாவது புரியாத செய்தியல்ல.

முதல் படத்தின் தொடர்ச்சியாக 1980-இல் வந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ மூன்றாவது நாட்டைக் காட்டியது. அங்கே வைரச் சுரங்கம் இருக்கிறது, உழவனுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் சோறில்லை. வரி மட்டும் தவறக் கூடாது. அரசர் பள்ளியை மூடிவிட்டதால் ஆசிரியர் உதயன் பண்டிதர் மலையில் ஒளிகிறார். அந்த மலைக்காக ராய் ராஜஸ்தானுக்குப் போகவில்லை. அது மேற்கு வங்கத்திலேயே, புருலியாவின் ஜய்சண்டி மலை. ஜெய்சல்மேரைவிடப் பல மடங்கு மழை பெறும் மாவட்டம் புருலியா. ஆனாலும் கடும்பாறையும் மேடுபள்ளமுமான நிலத்தில் நீர் நிற்காமல் ஓடிவிடுவதால், கோடையில் குடிநீருக்கே திண்டாட்டம். மழையின் அளவை மட்டும் வைத்து ஒரு நிலத்தை வறண்டது என்றோ வளமானது என்றோ எழுதிவிடக் கூடாது.

ஜய்சண்டி மலைக்குக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் போகலாம். ஆத்ராவை அடுத்து, மலையின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துப்போகிறவர்கள் முதலில் இரண்டு படங்களையும் போட்டுக் காட்டிவிடுங்கள்; கோடையில் மட்டும் போகாதீர்கள்.