பாய்மரப் படகு கனவா? லோன் மட்டும் வேண்டாம்!

நம்ம சங்கரன்கோவில்ல கடல் இல்ல. ஆனாலும், "பழைய பாய்மரப் படகு வாங்கி சரிபண்ண பர்சனல் லோன் போடலாமா சார்?"னு கேட்கிறாங்க. கனவு சரி, லோன் வேண்டாம்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில கட்டின 'அன்னபூரணி' கப்பலை வாங்கினவர் அமெரிக்கர் ராபின்சன். 1938ல அது அமெரிக்காவின் குளோஸ்டர் போய்ச் சேர்ந்துச்சு. அவர் அதுக்கு முன்னாடியே 32 அடி படகுல உலகத்தைச் சுத்தினவர். சின்னதுல பழகித்தான் பெருசுக்குப் போனார்.

படகோட விலை வெறும் ஆரம்பம்தான். பாய், இன்ஜின், பெயின்ட், நிறுத்துற வாடகை, இன்சூரன்ஸ்னு செலவு வருஷா வருஷம் தொடரும். மறுவிற்பனை மதிப்போ குறையும்.

மாசம் 10,000 ஆர்.டி. போட்டா 5 வருஷத்துல அசலே 6 லட்சம். பாதிக்குப் படகு பாருங்க, மீதியை ரிப்பேருக்கு வைங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. அதுவரை சென்னைக்குப் போய் பாய்மரம் பழகுங்க!