அச்சு இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?



பால்மரம் வெட்டிச் சேர்த்த சேமநிதிப் பணத்தில் மகனுக்குப் பதாகை அச்சடிக்கும் பெரிய இயந்திரம் வாங்கித் தர நினைக்கிறீர்களா? நல்ல எண்ணந்தான். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், அவனுக்கு என்ன வேலை வரும் என்று கேளுங்கள். அதற்கேற்ற மையைப் பார்த்தே இயந்திரம் வாங்க வேண்டும்.

கோயில் திருவிழா, கல்யாணப் பதாகைகளே அதிகம் என்றால் 'ஈக்கோ சால்வெண்ட்' மை போதும். வெயில், மழை தாங்கும். ஆனால் படத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதென்றால் ஒரு நாளாவது ஆறவிட வேண்டும். இயந்திரம் சும்மா கிடந்தால் மை அடைத்துக்கொள்ளும்.

'லேட்டெக்ஸ்' மை, பெயர் அப்படி இருந்தாலும், நம் ரப்பர்ப் பால் அல்ல. தண்ணீரில் கலந்த செயற்கைப் பிசின். சூட்டில் உடனே காயும், வாடை குறைவு. மின்சாரம்தான் கூடுதலாகச் செலவாகும்.

'யூ.வி.' மை விளக்கொளியில் இறுகும். பலகை, கண்ணாடி, தகடு மீதும் நேராக அச்சடிக்கலாம். அந்தப் பெரிய இயந்திரங்களின் விலையோ மிக அதிகம்.

ஆகவே, முதல் ஆறு மாதம் மகன் ஆர்டர் மட்டும் பிடித்து, வேறு அச்சகத்தில் அடித்துக் கொடுக்கட்டும். வரும் வேலைகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். எந்த இயந்திரம் தேவை என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். பாடுபட்டுச் சேர்த்த பணம், அவசரம் வேண்டாம்.